பணம் போகும் தடத்தைச் சொல்லித்தராமல் பிள்ளையின் கையில் பணப்பையைக் கொடுக்கலாமா?



வழக்கமாக இங்கே எழுத்துப்பயிற்சி, வாய்மொழித் தேர்வு, வீட்டில் தமிழ் பேசுவது ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இன்று சற்றே விலகி, பணத்தைப் பற்றி எழுத நேர்ந்துவிட்டது. "தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் வினவக்கூடும். இறுதிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள். வேலை இருக்கிறது என்பதே என் துணிபு.

அண்மையில் ஒரு மாலை, காத்தோங்கில் ஈஸ்ட் கோஸ்ட் சாலையோரக் காப்பிக் கடை ஒன்றில் பெற்றோர் ஆதரவுக் குழுவினர் சிலருடன் அமர்ந்திருந்தேன். தொடக்கநிலை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இறுதித் தேர்வு முடிந்தபின் என்னென்ன நடவடிக்கைகள் வைக்கலாம் என்பதே பேச்சு. கணினித் துறையில் பணிபுரியும் ஒரு தந்தை, நல்ல மனிதர், பிள்ளைகள்மீது அக்கறை உள்ளவர், ஒரு யோசனையை முன்வைத்தார். ஒவ்வொரு பிள்ளையின் கைப்பேசியிலும் ஒரு பிளாக்செயின் வாலட்டை நிறுவுவது. மதிப்பில்லாத சோதனை நாணயங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிப் பழகச் செய்வது. இரண்டு மணி நேரத்தில் "நாளைய உலகத்துக்கு" அவர்களை ஆயத்தப்படுத்திவிடுவது!

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அனுப்பு என்னும் பொத்தானை அழுத்தியபின் அந்தப் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சொல்லித்தருவீர்களா?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் வாலட் தானே பார்த்துக்கொள்ளும் டீச்சர். கார் ஓட்டுகிறவருக்கு எஞ்சின் தெரிந்திருக்க வேண்டுமா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிலோன் சாலையில் செண்பக விநாயகர் ஆலயத்தைக் கடந்து நடந்து வரும்போதுதான் அதற்கான மறுமொழி தோன்றியது. எஞ்சின் தெரியாமல் வண்டி ஓட்டலாம். ஆனால், எந்தச் சாலையில் போகிறோம், அது ஒருவழிப் பாதையா, சுங்கம் உண்டா, எதிரே வருவது யார் என்று அறியாதவரிடம் வண்டியைக் கொடுப்பார் உண்டா? "வாலட் தானே பார்த்துக்கொள்ளும்" என்னும் அந்த ஒரு வாக்கியத்தை எதிர்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் தலைக்குனிவைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு காரைக்குடியில் உள்ள என் அண்ணன் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் கடைசித் தவணைக்கு 300 வெள்ளி குறைந்தது. உறவினர் பையன் ஒருவன் "டாலர் மதிப்பில் நிற்கும் நாணயமாக அனுப்புங்கள் அத்தை, செலவு சில காசுகள்தான்" என்றான். நானும் இணங்கினேன். அனுப்பும் இடத்தில் "எந்த வலையமைப்பு?" என்று ஒரு பட்டியல் வந்தது. ஏழெட்டுப் பெயர்கள். எதிரே கட்டணம் எழுதியிருந்தது. மளிகைக் கடையில் பருப்பு வாங்குவதைப்போல் ஆகக் குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தேன். அண்ணன் கொடுத்த முகவரியும் அதில் பிழையின்றிப் பொருந்தியது. அனுப்பிவிட்டேன்.

பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அண்ணனின் கணக்கில் ஏறவில்லை! அவர் கணக்கு வைத்திருந்த நிறுவனம் அந்த வலையமைப்பை ஏற்பதில்லையாம். பொதுப்பேரேட்டைத் திறந்து பார்த்தால் அந்தத் தொகை அந்த முகவரியில் இன்றும் இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருளைப்போல. உதவி மையத்துக்கு ஐந்து முறை எழுதினோம். "பயனாளர் தவறான தடத்தைத் தேர்ந்தெடுத்ததால் எங்களுக்குப் பொறுப்பில்லை" என்பதே மூன்று வாரங்களுக்குப் பின் வந்த விடை. அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. தவறு என்னுடையதே. ஆனால் தேர்ந்தெடுக்கிறேன் என்பதே தெரியாமல் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இது ஏன் நிகழ்கிறது என்பதை வகுப்பில் விளக்குவதுபோல் விளக்க முயல்கிறேன்.

வாலட் என்பது பெயரளவில்தான் பணப்பை. அதற்குள் பணம் இல்லை. ஒரு சாவி இருக்கிறது. பணம் பற்றிய கணக்கு பொதுப்பேரேட்டில் இருக்கிறது. எத்தீரியம், அதன் வழிவந்த பல வலையமைப்புகள் எல்லாவற்றிலும் முகவரி ஒரே வடிவில்தான் இருக்கும். சுழியமும் எக்ஸும் முன்னே வர, மொத்தம் 42 எழுத்துகள். ஒரே கதவு எண் பல ஊர்களில் இருப்பதைப்போல. ஊரை மாற்றி எழுதினாலும் கடிதம் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும். அந்த வீட்டின் சாவி உங்கள் கையில் இருந்தால் போய் எடுத்துக்கொள்ளலாம். சாவி நிறுவனத்தின் கையில் இருந்தால், அவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு. எனக்கு நேர்ந்தது இதுவே.

இது முதல் தேர்வு. இதற்கு அடுத்து, கண்ணுக்கே தெரியாத இரண்டாம் தேர்வு ஒன்று இருக்கிறது. வாலட் தானாகப் பேரேட்டில் எழுதிவிடுவதில்லை. நீங்கள் கையொப்பமிட்ட ஆணையை ஏதேனும் ஒரு கணுவிடம் கொடுக்கிறது. எந்தக் கணு? நீங்கள் மாற்றாதவரை, வாலட்டை உருவாக்கியவர் முன்கூட்டியே அமைத்துவைத்த கணு. புகழ்பெற்ற மெட்டாமாஸ்க் வாலட்டில் அது அதே நிறுவனத்தாரின் இன்ஃபூரா. 2020 நவம்பர் 11 அன்று இன்ஃபூரா தடைப்பட்டபோது, எத்தீரியம் ஓடிக்கொண்டிருந்தும் ஏராளமானோரின் வாலட்டுகள் செயலிழந்தன. 2022 நவம்பரில் அந்நிறுவனம் தன் தனியுரிமைக் கொள்கையைப் புதுப்பித்து, இன்ஃபூரா வழியாக அனுப்புவோரின் இணைய முகவரியும் வாலட் முகவரியும் திரட்டப்படும் என்று தெரிவித்தபோது பெரும் சலசலப்பு எழுந்தது. "இடைத்தரகர் இல்லாத பணம்" என்று நம்பியிருந்தோர் அன்றுதான் இடையில் ஒருவர் இருப்பதைக் கண்டார்கள்.

மூன்றாவது, ஆணை அந்தக் கணுவிலிருந்து எங்கே போகிறது என்பது. பொதுவழியில் போனால், பேரேட்டில் ஏறுவதற்குமுன் அது ஒரு காத்திருப்புக் குளத்தில் கிடக்கும். எத்தீரியத்தில் 12 வினாடிக்கு ஒருமுறை ஒரு தொகுதி உருவாகிறது. அதுவரை உங்கள் ஆணையை உலகில் எவரும் படிக்கலாம். அதைப் படிப்பதற்கென்றே இரவு பகலாக இயங்கும் நிரல்கள் இருக்கின்றன.

இதைத் தேக்கா சந்தைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நீங்கள் மீன்கடையை நோக்கி நடந்துகொண்டே, "அந்த வஞ்சிரம் எனக்கு வேண்டும், 30 வெள்ளிவரை கொடுப்பேன்" என்று உரக்கச் சொல்கிறீர்கள். பின்னால் வந்தவன் ஓடிப்போய் 25 வெள்ளிக்கு அதை வாங்கி, உங்களிடம் 30 வெள்ளிக்கு விற்கிறான். நீங்கள் ஏமாற்றப்பட்டதாகவே உங்களுக்குத் தெரியாது; சொன்ன விலைக்குள் மீன் கிடைத்துவிட்டதே! முன்னே ஒரு கொள்முதல், நடுவில் நீங்கள், பின்னே ஒரு விற்பனை. இதைச் சாண்ட்விச் தாக்குதல் என்கிறார்கள். 2025 மார்ச்சில் யுனிஸ்வாப் தளத்தில் ஏறத்தாழ 2,20,000 டாலர் மதிப்புள்ள நிலைநாணயத்தை வேறொரு நிலைநாணயமாக மாற்ற முயன்ற ஒருவருக்குக் கிடைத்தது ஐயாயிரத்துச் சொச்சம் டாலர் மட்டுமே. ஒரு டாலரைக் கொடுத்து ஒரு டாலர் வாங்கும் செயலில் இந்த இழப்பு!

இதற்கு மாற்றாகத் தனிவழிகள் தோன்றின. 2020இல் தொடங்கப்பெற்ற பிளாஷ்பாட்ஸ் அமைப்பு, 2021 முதல் அத்தகைய வழியைப் பொதுமக்களுக்கும் திறந்துவைத்தது. அதில் ஆணை பொதுக்குளத்துக்குப் போகாமல், தொகுதிகளைக் கட்டுவோரிடம் நேரே போகிறது. ஓடிப்போய் முந்துகிறவனுக்கு உங்கள் குரல் கேட்பதில்லை. இது உண்மையான பாதுகாப்பு, மறுக்கவில்லை. ஆயினும் அதற்கும் விலை உண்டு. குளத்தில் எல்லாரும் பார்த்தார்கள்; தனிவழியில் அதை நடத்துபவர் பார்க்கிறார். அவர் நாணயமானவர் என்று நம்பியாக வேண்டும். எல்லாத் தொகுதிக் கட்டுநரிடமும் ஆணை போய்ச் சேராவிட்டால் தாமதமாகலாம். எத்தீரியத்தில் மிகப் பெரும்பாலான தொகுதிகளைக் கட்டுபவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க ஒரு சிலரே.

ஆக, வெறுமனே ஒரு தொகையை ஒருவருக்கு அனுப்புவதாயின் முந்துகிறவனுக்கு அதில் இலாபமில்லை, பொதுவழியே போதும். ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றுவதாயின் தனிவழி நல்லது. எவ்வளவு விலைமாற்றத்தை ஏற்பீர்கள் என்னும் வரம்பையும் குறுக்கிவைக்க வேண்டும். பிட்காயினின் மின்னல் வலையமைப்பில் கதையே வேறு. அங்கே பணம் பல கைகள் மாறிப் போகிறது. இடையில் ஒருவரிடம் போதிய இருப்பு இல்லையெனில் அந்தப் பாதை அடைபடும்; வேறு பாதை தேட வேண்டும்.

இவ்வளவும் "வாலட் தானே பார்த்துக்கொள்ளும்" என்னும் மூன்று சொற்களுக்குள் மறைந்து கிடக்கிறது! வாலட் பார்த்துக்கொள்கிறது என்பது மெய்தான். யாருடைய நலனை முன்னிட்டுப் பார்த்துக்கொள்கிறது என்பதல்லவா வினா? முன்கூட்டியே அமைக்கப்பட்ட வழி என்பது இயற்கை விதியன்று. ஏதோ ஒரு நிறுவனம் ஏதோ ஒரு காரணத்துக்காக எடுத்த வணிக முடிவு.

இனி, எதிர்த்தரப்பின் நியாயங்களையும் பார்ப்போம்.

"வங்கிகள் கட்டணம் வாங்குகின்றன, நாள்கணக்கில் இழுத்தடிக்கின்றன" என்கிறார்கள். பழைய வங்கிவழியைப் பொறுத்தவரை இது முழுக்க உண்மை. சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பணமாற்று நிலையங்களின் முன் வரிசையில் நிற்கும் தொழிலாளர்களைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். ஆனால் 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய இரண்டும் இணைக்கப்பட்டுள்ளன. தொடக்கத்தில் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்தார்கள். பங்கேற்ற வங்கிகளும் சிலவே. குறை இல்லாத ஏற்பாடன்று. எனினும் என் 300 வெள்ளி மாட்டிக்கொண்டபின் அதே தொகையை மறுபடியும் அந்த வழியாகத்தான் அனுப்பினேன். சில நிமிடங்களில் அண்ணன் தொலைபேசியில் அழைத்துவிட்டார். அனுப்புமுன் பெறுபவரின் பெயர் திரையில் வந்தது. அந்த ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

"செலவு சில காசுகள்தான்" என்கிறார்கள். நடுவழிக்கு மட்டும் கணக்குச் சொல்கிறார்கள். வெள்ளியை நாணயமாக மாற்றும்போது ஒரு செலவு. அங்கே ரூபாயாக மாற்றும்போது இன்னொரு செலவு. இந்தியாவில் இத்தகைய சொத்துகளின் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காட்டு வரி. கைமாறும்போது 2022 ஜூலை முதல் 1 விழுக்காட்டுப் பிடித்தம். பேருந்துக் கட்டணத்தை மட்டும் சொல்லி, நிலையத்துக்குப் போகும் டாக்சிக் கட்டணத்தை மறைப்பது நேர்மையான கணக்காகுமா?

"இடைத்தரகர் இல்லை" என்கிறார்கள். 2022 மே மாதத்தில் டெர்ரா சரிந்தது. அதையொட்டி, இங்கிருந்து இயங்கிய த்ரீ ஏரோஸ் கேப்பிட்டல் வீழ்ந்தது. ஆகஸ்டில் இங்குள்ள ஹோட்ல்நாட் வாடிக்கையாளர் பணத்தை எடுக்கவிடாமல் நிறுத்தியது. 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டாலர் களவுபோயிற்று. அதன் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவு பெற்றது என்பதால், இந்தியாவில் பணம் போட்டவர்களின் தலைவிதி இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் முடிவாக வேண்டியிருந்தது. ஓராண்டுக்கும் மேல் அவர்கள் காத்திருந்தார்கள். தரகர் ஒழியவில்லை ஐயா, பெயரை மாற்றிக்கொண்டார்!

நம் முன்னோர் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் இருந்த காலத்தில், இங்கே செட்டியாரிடம் பணத்தைக் கட்டி உண்டியல் எழுதி வாங்கினால், கடலுக்கு அப்பால் ஊரில் அது பணமாகும். அப்போதும் பணம் கண்ணால் காணும்படி பயணம் செய்யவில்லை. கணக்குதான் பயணம் செய்தது. ஆனால் எழுதியவர் யார், கொடுக்கவேண்டியவர் யார் என்பது தெரியும். தவறினால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியும். அந்த முறைக்கும் குறைகள் இருந்தன; வட்டிக்கொடுமையைப் பற்றித் தனியே எழுதலாம். ஆயினும் "வழி எனக்குத் தெரியாது, அது தானே போய்ச்சேரும்" என்று சொல்லி எவரும் உண்டியல் வாங்கியதில்லை.

நான் தொழில்நுட்பத்தின் பகைவர் அல்லேன். அந்தப் பொதுப்பேரேட்டின் திறந்த தன்மை வியக்கத்தக்கது. என் பணம் எங்கே சிக்கியிருக்கிறது என்பதைக் கடைசிக் காசுவரை எனக்குக் காட்டிய முறை அது; எந்த வங்கியும் அவ்வளவு காட்டாது. அறிந்து பயன்படுத்தும் பெரியவர்களுடன் எனக்கு வழக்கில்லை. சிங்கப்பூர் நாணய ஆணையமும் இத்துறையை ஒழிக்கவில்லை. உரிமம் வழங்குகிறது, நிலைநாணயங்களுக்கு 2023 ஆகஸ்டில் ஒழுங்குமுறை வகுத்தது. அதே ஆணையம்தான் 2022 ஜனவரியில், பொதுமக்களிடையே இதனை விளம்பரப்படுத்தாதீர்கள் என்று சேவை வழங்குவோருக்கு வழிகாட்டி, பொது இடங்களில் இருந்த பிட்காயின் இயந்திரங்களை நிறுத்தச் செய்தது. பெரியவர்களிடம் பரப்பவே தயங்கும் ஒன்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுப்பது எவ்வகையில் முறை?

"சோதனை நாணயம்தானே, இழப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று அந்தத் தந்தை கேட்டார். அங்கேதான் ஆசிரியராகிய எனக்குக் கவலை. தேசியக் கல்விக் கழகத்தில் பயின்ற நாள்களில் எங்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்லித்தந்தார்கள்: பிள்ளை, நாம் நடத்தும் பாடத்தை மட்டும் கற்பதில்லை, நடத்தும் விதத்தையும் கற்றுக்கொள்கிறது. சோதனை நாணயத்தை யோசிக்காமல் அழுத்தி அழுத்தி அனுப்பும் விரல் எதைப் பழகுகிறது? யோசிக்காமல் அழுத்துவதைப் பழகுகிறது. பட்டியல் வந்தால் முதலில் இருப்பதைத் தொடு, எச்சரிக்கை வந்தால் "சரி" என்று தொடு. அந்த விரல் நாளை உண்மைப் பணத்தையும் அப்படித்தான் தொடும். 2024இல் சிங்கப்பூரில் மோசடிகளால் இழந்த தொகை 110 கோடி வெள்ளிக்கு மேல். அதில் ஏறத்தாழ கால் பங்கு மின்னாணயமாகப் போனது. பிளாக்செயினில் போனதைத் திருப்பி அழைக்கப் பொத்தான் இல்லை.

எனவே நான் குழுவிடம் வைத்த மாற்று யோசனை இதுதான். கைப்பேசியே வேண்டாம். ஒரு தாள், ஒரு பென்சில். பேரங்காடியில் அம்மா அட்டையைத் தட்டுகிறார். பாட்டிக்கு அப்பா பணம் அனுப்புகிறார். அண்ணன் இணைய விளையாட்டில் நாணயம் வாங்குகிறான். ஒவ்வொன்றிலும் பணம் எவரெவர் கைகளைக் கடந்து போகிறது என்று பிள்ளை கோடு வரையட்டும். ஒவ்வொரு கைக்கும் மூன்று கேள்விகள் எழுதட்டும். இவர் எதைப் பார்க்கிறார்? இவரால் எதை மாற்றவோ தடுக்கவோ முடியும்? தவறு நேர்ந்தால் இவர் பதில் சொல்வாரா? வாலட்டையும் கடைசியில் அதே தாளில் வரையலாம். அப்போது அந்தக் குளமும், தனிவழியும், வலையமைப்புப் பட்டியலும் தாமாகவே பாடமாகிவிடும். தமிழில் செய்தால் இன்னும் நல்லது. தடம், கணு, பேரேடு, பொறுப்பு, வரம்பு... எத்தனை நல்ல சொற்கள் பிள்ளைகளின் நாவில் புழங்கும்!

என் வகுப்பில் ஒருநாள் என் 300 வெள்ளிக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். "ஆசிரியர், பணம் தொலையவில்லை, இருக்கிற இடமும் தெரிகிறது, ஆனால் எடுக்க முடியாது. அப்படியென்றால் அது இப்போது யாருடையது?" என்றாள். நான் உடனே விடை சொல்லவில்லை, சொல்லவும் தெரியவில்லை. பொத்தானை அழுத்தப் பழக்குவதைவிட இப்படியொரு கேள்வியைக் கேட்கப் பழக்குவதே நம் கடமை என்று மட்டும் தோன்றியது.

திருவள்ளுவர் "தெரிந்துசெயல்வகை" என்று ஓர் அதிகாரமே வைத்தார். நமக்கோ "தெரியாமல் செயல்வகை"யைப் பிள்ளைகளுக்குப் புகட்ட அவ்வளவு அவசரம்!

பெற்றோர்களே, உங்களிடம் வேண்டுவது இது. உங்கள் பிள்ளை வாலட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், திட்டாதீர்கள், பாராட்டவும் விரையாதீர்கள். "இதில் அழுத்தினால் பணம் எந்த வழியாகப் போகும், வரைந்து காட்டு" என்று கேளுங்கள். உங்களாலும் வரைய முடியவில்லை என்றால் நீங்களும் அழுத்தாதீர்கள். ஆசிரியர்களே, பள்ளிக்கு இத்தகைய பயிலரங்கைக் கொண்டுவருவோரிடம் அதே தாளையும் பென்சிலையும் முதலில் நீட்டுங்கள்.

அந்தத் தந்தை இன்னும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்தில் மீண்டும் வாதிடுவோம். காப்பி என் செலவில் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் கருத்து மாறுபட்டாலும் தயங்காமல் எழுதுங்கள்.